டிரம்மைத் தொட்டால் சுரீர் என்கிறது, அக்கா!

வேலையிடக் கேள்வி பதில்

போன மாதம் தின்னர் டிரம்களை எங்கே, எப்படி அடுக்குவது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் நிலைமின்சாரத்தை, அதாவது உரசலால் பொருள்களிலும் உடம்பிலும் சேரும் மின்சாரத்தைப் பற்றியே கேட்கின்றன. பிறை, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட் என்று நம் பினாங்கின் செபராங் பிறை முழுவதும் நம் பிள்ளைகள் கரைப்பான்களோடு வேலை செய்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, என் மகனுக்கு 22 வயது. பிறையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில், மிக்ஸிங் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். டொலுவீன் இருக்கும் தொட்டியில் பையிலிருந்து பவுடரைக் கொட்டுவது அவன் வேலை. “சில நேரம் தொட்டியைத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்குதும்மா” என்று சாப்பிடும்போது சொன்னான். மண்டோரிடம் சொன்னதற்கு, “புதுசுல அப்படித்தான், பழகிடும்” என்றாராம். நான் பயப்பட வேண்டுமா?
— ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. “பழகிடும்” என்ற பதிலை நீங்களும் ஏற்காதீர்கள், மகனும் ஏற்கக் கூடாது. அந்த ஷாக் உடம்பை ஒன்றும் செய்யாது. அதனால்தான் எல்லாரும் அதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது எந்த இடத்தில் அடிக்கிறது என்று பாருங்கள்.

டொலுவீன் எளிதில் எரியும் கரைப்பான். அதன் ஆவி காற்றில் 1.1 முதல் 7.1 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். குறைந்தால் பற்றாது, கூடினாலும் பற்றாது. நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், மூடிய தொட்டிக்குள் டொலுவீனுக்கு மேலே நிற்கும் காற்றில் அதன் ஆவி 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மூடியைத் திறந்து வெளிக்காற்று கலந்தாலும் உடனே 1.1க்குக் கீழே போய்விடாது. ஆக, உங்கள் மகன் குனிந்து பையைக் கவிழ்க்கும் அந்த இடத்தில், எரியத் தோதான கலவை எப்போதும் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைப் பற்றவைக்க 0.24 மில்லிஜூல் ஆற்றல் போதும். மனித உடம்பின் மின்தேக்கும் திறன் சுமார் 150 பிக்கோஃபாரட். ரப்பர் அடி போட்ட காலணியோடு நடந்து, பிளாஸ்டிக் பைகளை இழுத்துத் தூக்கும்போது உடம்பில் 10,000 வோல்ட் ஏறுவது அபூர்வம் அல்ல. அப்போது உடம்பில் நிற்பது 7.5 மில்லிஜூல், அதாவது டொலுவீனுக்குத் தேவையானதைப் போல 30 மடங்கு. இன்னொன்று: ஏறக்குறைய 2,000 வோல்ட்டுக்குக் கீழே பொறி போனால் நம் விரலுக்குத் தெரிவதே இல்லை. அந்த 2,000 வோல்ட்டிலேயே 0.3 மில்லிஜூல் இருக்கிறது. உங்கள் மகனுக்குச் “சுரீர்” என்று தெரிந்த ஒவ்வொரு முறையும் தொட்டியைப் பற்றவைக்கப் போதுமான பொறி அவன் விரல் நுனியிலிருந்து போயிருக்கிறது. பொறி விழுந்த இடத்தில் அந்த நொடி ஆவி சரியான அளவில் இல்லை. அதனால் பிள்ளை இன்று வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

அவன் செய்யும் வேலையும் சாதாரணமானது அல்ல. எரியும் கரைப்பான் உள்ள தொட்டியில், மேன்ஹோல் (தொட்டியின் மேல் வாய்) வழியாகப் பையைக் கவிழ்த்துப் பவுடர் போடுவது: ரசாயனத் தொழிலில் நிலைமின்சாரத்தால் தீ திரும்பத் திரும்பப் பிடித்திருக்கும் வேலைகளில் இது முன்னால் நிற்கிறது. பவுடர் வழுக்கி விழும்போது பவுடரிலும் பையிலும் மின்னூட்டம் ஏறுகிறது. பையைப் பிடித்திருப்பவர் மீதும் ஏறுகிறது. காகிதப் பைதானே என்று நினைப்பார்கள். உள்ளே பாலித்தீன் உறை இருக்கும். அதை உருவி உதறினால் இன்னும் மோசம்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் இப்படித்தான் ஒரு தம்பிக்கு முகமும் இரண்டு முன்கைகளும் வெந்துபோயின. தொட்டிக்கு எர்த், அதாவது ஊட்டத்தைத் தரைக்கு இறக்கும் இணைப்பு, இருந்தது. பவுடரிலும் குறை இல்லை. அப்புறம் அவருடைய காலணியை அளந்து பார்த்தோம். உடம்பில் ஏறும் ஊட்டத்தைத் தரைக்கு இறக்கிவிடும் ஆன்டிஸ்டாட்டிக் காலணிதான், கம்பெனி கொடுத்தது. ஆனால் அடிப்பாகம் முழுக்கக் காய்ந்த ரெசின் ஒரு தோல் போலப் படிந்திருந்தது. அவர் தரையில் நிற்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மின்சாரக் கணக்கில் அவர் தரையைத் தொடவே இல்லை. அந்தத் தம்பியின் கைகளை ஆஸ்பத்திரியில் பார்த்த நாளிலிருந்து, யார் வந்து ஷாக் அடிக்கிறது என்று சொன்னாலும் முதலில் காலணியைத் திருப்பிக் காட்டச் சொல்வேன்.

மகனிடம் இன்றே கேளுங்கள். காலணி ஆன்டிஸ்டாட்டிக் வகையா? அடியில் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? உள்ளே தனியாக வாங்கிய மெத்தை அட்டை ஏதும் போட்டிருக்கிறானா? நிற்கும் இடத்தில் பழைய அட்டைப் பெட்டி, ரப்பர் பாய், பிளாஸ்டிக் பலகை கிடக்கிறதா? தரைக்கு எபாக்ஸி பூசியிருக்கிறார்களா? இவற்றில் ஏதாவது ஒன்று போதும், ஆளைத் தரையிலிருந்து பிரித்துவிட. காலணி, தரை எல்லாம் சேர்த்து ஆளிலிருந்து எர்த்துக்கு 100 மெகாஓமுக்குள் தடை இருந்தால் ஊட்டம் தங்காமல் இறங்கிவிடும்.

கம்பெனி செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. முறை இடம் கொடுத்தால் பவுடரை முதலில் போட்டு, மூடியை மூடிய பிறகு கரைப்பானைக் குழாய் வழியே ஏற்றலாம். இல்லையென்றால் தொட்டிக்குள் நைட்ரஜனை விட்டு, எரிய உதவும் காற்றை வெளியேற்றலாம். ஆனால் மேன்ஹோலைத் திறந்து வைத்துக்கொண்டு நைட்ரஜன் விட்டால் பயன் இல்லை. கொட்டுகிற பவுடரே காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வால்வுக்கு நடுவே பவுடரை நிறுத்தி இறக்கும் அமைப்பு வேண்டும். அதற்குச் செலவாகும், உண்மைதான். அது வரும்வரை பாலித்தீன் உறை இல்லாத பை, சுத்தமான ஆன்டிஸ்டாட்டிக் காலணி, எர்த் செய்த தொட்டி, நல்ல காற்றிழுப்பு ஆகியவை கட்டாயம். ஷாக் அடித்தால் அந்த நிமிடமே கொட்டுவதை நிறுத்தி, ஏன் அடித்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி தொடங்க வேண்டும்.

எங்கள் ஸ்டோரில் டிரம்மிலிருந்து சின்ன டின்னுக்குத் தின்னர் மாற்றும்போது எர்த் கிளிப் மாட்டச் சொல்லி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சூப்பர்வைசரோ, “இதெல்லாம் குளிர் நாட்டுக்குத்தான். பினாங்குல காத்துலயே தண்ணி இருக்கு, ஸ்டாட்டிக் வராது” என்கிறார். சரியா?
— ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், சிம்பாங் அம்பாட்

தம்பி, நான் அதிகம் கேட்டிருப்பதும் அதிகம் பயப்படுவதும் இந்த வாதத்துக்குத்தான். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது.

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பருத்தித் துணி, காகிதம், மரம், சிமென்ட் தரை இவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அந்தப் படலம் வழியே ஊட்டம் கசிந்துவிடும். பினாங்கில் வெளிக்காற்று பெரும்பாலான நாட்களில் இதைவிட ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஸ்டோரில் ஏர்கான் ஓடுகிறதா? ஓடினால் வெளியே இருக்கும் ஈரம் உள்ளே இல்லை. பெயிண்ட் உலர்த்தும் அடுப்புப் பக்கமும் அப்படியே. பாலித்தீன், டெஃப்லான் போன்ற பிளாஸ்டிக்குகளில் நீர்ப்படலம் ஒழுங்காக ஒட்டுவதும் இல்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியம், குழாய்க்குள் ஓடும் கரைப்பானுக்கு வெளியே மழை பெய்வது தெரியாது. டொலுவீன், ஹெக்ஸேன், பெட்ரோல் போன்றவை மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாதவை. குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடும்போதே ஊட்டம் ஏறிவிடும். அது டின்னுக்குள் வந்து விழுகிறது. டின் எர்த்தோடு சேர்ந்திருந்தால் ஊட்டம் மெல்ல இறங்கும். டின் ஒரு பிளாஸ்டிக் பலகை மேல் நின்றால் ஊட்டம் அதிலேயே சேரும். அடியில் ஓட்டை உள்ள வாளியில் குழாய் நீர் விழுவதைப் போலத்தான் இது: வருவது கசிவதைவிட அதிகமானால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஓட்டையை அடைத்துவிட்டு, இன்றைக்குக் காற்று ஈரமாக இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

சூப்பர்வைசருக்கு இதையும் சொல்லுங்கள். 1969 டிசம்பரில், ஒரே மாதத்தில், மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் 7 என்ற மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மூன்றிலும் அப்போது நடந்துகொண்டிருந்தது தொட்டி கழுவும் வேலை. உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தபோது தொட்டி முழுக்க எழுந்த நீர்ப்புகையே மின்னூட்டம் ஏறியதாக இருந்தது என்று பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டின. அந்தத் தொட்டிகளைவிட ஈரமான இடம் எது? மார்பெஸ்ஸா மூழ்கியே போனது. அதற்குப் பிறகுதான் எண்ணெய்க் கப்பல் தொட்டிகளில் எரிய உதவாத மந்த வாயுவை நிரப்பி ஆக்ஸிஜனை 8 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கும் ஏற்பாடு பரவலானது. இன்று நம் மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களுக்கும் அதே விதிதான்.

தாளில் எழுதியிருப்பது சரி. அதோடு வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்மையும் டின்னையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்க வேண்டும், டிரம்மை எர்த்தோடு இணைக்க வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன்னால் கிளிப்பை மாட்டி, மூடிய பிறகுதான் கழற்ற வேண்டும். ஆவி எழுந்துகொண்டிருக்கும்போது கிளிப்பை மாட்டினால், அந்த மாட்டலே பொறியாகலாம்.

அக்கா, நான் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருக்கிறேன். நாங்கள் கையில் கட்டும் பட்டையும் நீங்கள் சொல்லும் எர்த்தும் ஒன்றா?
— ஒரு வாசகி, சுங்கை ஆரா

ஒன்றேதான் அம்மா. நானும் பள்ளி முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஆபரேட்டராகச் சேர்ந்துதான் இந்தப் பாடத்தைக் கற்றேன். 1972இல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து எத்தனையோ நம் வீட்டுப் பெண்கள் அந்தப் பட்டையைக் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் 1 மெகாஓம் தடை இருக்கும். ஊட்டம் இறங்கிவிடும், தவறி மின்கம்பியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரம் உடம்பில் பாயாது.

அங்கே ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பட்டையையும் காலணியையும் கருவியில் வைத்துச் சோதிக்கிறோம். பச்சை விளக்கு எரியாமல் உள்ளே போக முடியாது. சிப்பைக் காப்பாற்ற அவ்வளவு ஒழுங்கு. பாலம் தாண்டி பிறைக்கு வேலைக்குப் போனபோது, தின்னர் அறைக்குள் நுழையும் ஆளின் காலணியைச் சோதிக்க ஒரு கருவிகூட இல்லாததைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை. அதே கருவியைத்தான் அங்கேயும் வைக்க வேண்டும், ஆவி வராத வாசலுக்கு வெளியே. இதை எழுதாத வருடம் இல்லை, இன்னும் எழுதுவேன்.

சிறிய அளவில் பிளாஸ்டிக் பை அச்சடிக்கும் தொழில் செய்கிறேன். ரோலர் கழுவ எத்தில் அசிட்டேட்டும் தின்னரும் பயன்படுத்துகிறோம். இரும்பு வாளி பொறி கிளப்பும் என்று நண்பர் சொன்னதால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிவிட்டேன். செய்தது சரிதானே?
— தொழில் உரிமையாளர், பட்டர்வொர்த்

நல்லெண்ணத்தில் செய்திருக்கிறீர்கள், ஆனால் திரும்ப மாற்றிவிடுங்கள். உலோக வாளியை எர்த் செய்ய முடியும். பிளாஸ்டிக் வாளியை எர்த் செய்யவே முடியாது. கிளிப் மாட்டினாலும் அந்தக் கிளிப் தொடும் புள்ளியைத் தவிர மற்ற இடத்தில் இருக்கும் ஊட்டம் அப்படியே நிற்கும்.

வாளியைத் துணியால் துடைத்தாலோ, இடுப்பில் உரசினாலோ அதன் சுவர் மின்னூட்டம் பெறும். அந்தச் சுவரின் அருகே விரலோ கரண்டியோ போனால் வரும் பொறி கரைப்பான் ஆவிக்குப் போதுமானது. அதோடு நம் கடைகளில் கிடைக்கும் வாளிக்குக் கம்பிக் கைப்பிடி இருக்கிறதே, அது பிளாஸ்டிக்கில் தொங்கும் தனி உலோகத் துண்டு. 10 பிக்கோஃபாரட் அளவுதான் இருக்கும். ஆனாலும் 10,000 வோல்ட்டில் அரை மில்லிஜூல் பொறி கொடுக்கும்.

எத்தில் அசிட்டேட்டும் அசிட்டோனும் டொலுவீனைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஊட்டம் தங்காது என்று சிலர் வாதிடுவார்கள். உலோகக் கலத்தில் அது சரி. பிளாஸ்டிக் கலத்திலோ ஊட்டம் போக வழியே இல்லை. அப்போது அந்தத் திரவம் முழுவதும் எர்த் இல்லாத உலோகத் துண்டைப் போல நடந்துகொள்ளும். அருகே ஒரு புனலைக் கொண்டுபோனால் மொத்த ஊட்டமும் ஒரே பொறியாக இறங்கும்.

உலோக வாளி, உலோகப் புனல், பெயிண்ட்டைக் குத்தித் துளைக்கும் கூர்ப்பல் கிளிப், பருத்தித் துணி. இவ்வளவும் வாங்கச் சில நூறு வெள்ளிக்கு மேல் ஆகாது. உங்கள் அச்சு இயந்திரத்தில் ஓடும் பிளாஸ்டிக் சுருளும் பெரிய அளவில் ஊட்டம் ஏறும். மை தொட்டிக்கு முன்னால் ஊட்ட நீக்கிக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் மை படிந்து மூடியிருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். முட்கள் தெரியும்படி சுத்தமாக இருக்க வேண்டும். வெடிப்புச் சூழலுக்கென்று அனுமதி பெற்ற வகையாகவும் இருக்க வேண்டும்.

நான் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். டேங்க், பம்பு எல்லாவற்றையும் எர்த் குழிவரை அளந்துவிட்டேன். 2 ஓம்தான் காட்டுகிறது. அப்படியும் கரைப்பான் நிரப்பும் இடத்தில் ஆட்கள் ஷாக் அடிக்கிறது என்கிறார்கள். எதை விட்டுவிட்டேன்?
— ஒரு டெக்னீஷியன், மாக் மண்டின்

நீங்கள் அளந்தவை எல்லாம் பெரிய சாமான்கள், தம்பி. அவற்றில் கோளாறு வருவது குறைவு. இனி சின்னவற்றைத் தேடுங்கள்.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டெ மாயின் நகரில் 2007 அக்டோபர் 29 அன்று நடந்ததை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். பார்ட்டன் சால்வென்ட்ஸ் என்ற கரைப்பான் நிறுவனத்தில் ஓர் ஊழியர் சுமார் 300 கேலன் பிடிக்கும் எஃகுத் தொட்டியில் எத்தில் அசிட்டேட் நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்பும் முனை தொட்டி வாயில் நிற்பதற்காக அதில் ஓர் எஃகு எடையைத் தொங்கவிட்டார். வால்வைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் வேறு வேலைக்கு நடந்தார். “பொட்” என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் தொட்டியைச் சுற்றித் தீ. நிரப்பும் முனையும் குழாயும் சேர்ந்த பகுதியில் இருந்த உலோகத் துண்டுகள் எர்த்தோடு இணைக்கப்படவில்லை என்பதுதான் அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கண்ட காரணம். தீ அந்தக் கிடங்கையே அழித்தது.

உங்கள் இடத்தில் ரப்பர் ஹோஸின் நுனியில் இருக்கும் உலோக முனையை அளந்தீர்களா? ஹோஸுக்குள் ஓடும் கம்பி இரு முனையிலும் சேர்ந்திருக்கிறதா, இல்லை நடுவில் அறுந்திருக்கிறதா? அறுந்த கம்பி உள்ள ஹோஸ், கம்பியே இல்லாத ஹோஸைவிட மோசம். அந்தக் கம்பிச்சுருளே ஊட்டத்தைச் சேர்த்து வைக்கும். இரண்டு குழாய்க்கு நடுவே டெஃப்லான் கேஸ்கெட் இருந்து, போல்ட்டும் பூசிய வகையாக இருந்தால் நடுவிலிருக்கும் துண்டு தனித்து நிற்கலாம். வடிகட்டிக் கூடை, பந்து வால்வின் உட்பந்து, சக்கரம் வைத்த தள்ளுவண்டி, மாதிரி எடுக்கும் குவளை, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்பேனர். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டு அளக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒன்று. ஊட்டம் இறங்க 1 மெகாஓம்கூடப் போதும். பிறகு ஏன் உலோகத்துக்கு 10 ஓம் என்று கேட்கிறோம்? உலோகம் உலோகத்தைத் தொட்டால் 10 ஓமுக்கு மேல் வர நியாயமே இல்லை. வந்தால் எங்கோ துரு, பெயிண்ட், தளர்ந்த திருகு இருக்கிறது. அது நாளைக்கு முழுதாக விட்டுப்போகும். ஒரு முறை அளந்த தேதியைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளிப்பை மாட்டியதும் இணைப்பு உண்டா என்று தானே பார்த்து, இல்லையென்றால் பம்பை ஓடவிடாத கருவி வந்துவிட்டது. நிரப்பும் இடத்துக்கு அதைக் கேட்டு எழுதுங்கள். அளக்கும்போது அந்த இடத்தில் ஆவி இல்லை என்று உறுதி செய்துவிட்டு அளங்கள், சாதாரண மீட்டரோடு நடுவில் போய் நிற்காதீர்கள்.

உலோகம் எல்லாம் சரி என்றால், மிச்சம் ஆட்கள்தான். முதல் கடிதத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

நான் எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டுகிறேன். பெட்ரோலுக்கு எர்த் மாட்டுவது புரிகிறது. டீசல் தீக்குச்சி போட்டாலே சட்டென்று பிடிக்காது. அதற்கும் ஏன் இவ்வளவு கெடுபிடி? மெதுவாக நிரப்பு, மெதுவாக நிரப்பு என்று கத்துகிறார்கள்.
— லோரி ஓட்டுநர், பிறை

அண்ணா, உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரியாது. டேங்கர் நிரப்பும் இடங்களில் வெடித்த சம்பவங்களில் அடிக்கடி வந்தது டீசல்தான், அதிலும் முந்தைய நடையில் பெட்ரோல் ஏற்றிய டேங்கர் அறையில் ஊற்றிய டீசல்.

பெட்ரோல் ஏற்றும்போது அறைக்குள் ஆவி அளவுக்கு மீறி நிறைந்திருக்கும். உள்ளே எரியக் காற்று போதாது. டீசல் மட்டும் என்றால் நம் ஊர் வெப்பத்திலும் எரியும் அளவுக்கு ஆவி வராது. பெட்ரோலை இறக்கிவிட்டு வரும்போது அறைக்குள் பாதி ஆவி, பாதி காற்று என்று இருக்கும். அதன்மேல் டீசலை ஊற்றினால் அது பெட்ரோல் ஆவியை உறிஞ்சும். அதிகமாக இருந்த ஆவி குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் எரியக்கூடிய அளவுக்குள் நுழையும். அதே நேரத்தில் அந்த டீசல் குழாயிலிருந்து ஊட்டத்தோடு வந்து விழுகிறது. ஆவியும் பொறியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

2021 முதல் இங்கே விற்கும் யூரோ 5 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருக்க வேண்டும். காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை நீக்கும்போது டீசலுக்கு மின்சாரம் கடத்தும் தன்மையைக் கொடுத்த சில பொருட்களும் போய்விடுகின்றன. கடத்துதிறன் மீட்டருக்கு 50 பிக்கோசீமன்ஸ் என்ற அளவுக்குக் கீழே இருக்கும் திரவத்தைத்தான் ஆபத்தானதாகக் கணக்கிடுவார்கள். 1 பிக்கோசீமன்ஸ் அளவில் ஊட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு இறங்கவே சுமார் 18 வினாடி ஆகும். அதற்காக ஒரு மருந்து கலப்பார்கள். கலந்திருக்கிறது என்று நம்பி நீங்கள் வேகமாக ஊற்றக் கூடாது.

மெதுவாக என்பதற்கும் அளவு இருக்கிறது. நிரப்பும் குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை வினாடிக்கு 1 மீட்டர். தண்ணீர் கலந்திருந்தால் கடைசிவரை அதே 1 மீட்டர். மூழ்கிய பிறகு கூட்டலாம், எந்த நிலையிலும் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. நுண்வடிகட்டி வழியே வரும் எண்ணெய் பல மடங்கு ஊட்டத்தோடு வரும். அதனால் வடிகட்டிக்கும் லோரிக்கும் இடையே குறைந்தது 30 வினாடி ஓடும்படி குழாய் நீளமாக இருக்க வேண்டும். பெரிய சேமிப்புத் தொட்டியில் நிரப்பி முடித்ததும் அளவுகோல் விடுவதற்கு 30 நிமிடம் காத்திருக்கச் சொல்வதும் இந்த ஊட்டம் இறங்கத்தான். மழை வருகிறது, கியூ நிற்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் அந்த 30 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மசாலா அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, அரிசி மாவு. எனக்கும் இந்தக் கவலை உண்டா?
— மில் உரிமையாளர், நிபோங் திபால்

உண்டு, ஆனால் உங்களுக்கு இது முதல் கவலை அல்ல. மாவுத் தூசு மேகத்தைப் பற்றவைக்கக் கரைப்பான் ஆவியைவிட மிக அதிக ஆற்றல் வேண்டும். உங்கள் மில்லில் முதலில் பார்க்க வேண்டியவை சூடாகும் பேரிங், அரைவைக் கல்லில் சிக்கும் ஆணி, உத்தரத்திலும் விளக்கு மேலும் படிந்த தூசு. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் 14 பேரைக் கொன்றது, இப்படி வருடக்கணக்கில் படிந்த சர்க்கரைத் தூசுதான். வாரத்துக்கு ஒருமுறை உத்தரத்தைச் சுத்தம் செய்யுங்கள், காற்றுக் குழாயால் ஊதாமல்.

நிலைமின்சாரத்துக்கு இரண்டு விஷயம். தூசு போகும் குழாயில் துணி அல்லது ரப்பர் இணைப்பு இருந்தால், அதன் இரு பக்கத்து உலோகத்தையும் கம்பியால் சேருங்கள். அப்புறம் ஜம்போ பைகள். கடத்தும் இழை நெய்த சி வகைப் பையை எர்த் கிளிப் இல்லாமல் தொங்கவிட்டால் அது சாதாரணப் பையைவிட ஆபத்து. வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் கைப்பேசியால் தீப்பிடிக்குமா?
— ஒரு மாணவர், ஜார்ஜ்டவுன்

கைப்பேசியைவிட உங்கள் சட்டையும் கார் இருக்கையும்தான் கவனிக்க வேண்டியவை. முனையை மாட்டிவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து, மறுபடி இறங்கி வந்து நேராக முனையைத் தொடுவதுதான் ஆபத்தான பழக்கம். இருக்கையில் உரசி இறங்கும்போது உடம்பில் ஊட்டம் ஏறும். நிரப்பி முடியும்வரை வெளியே நில்லுங்கள். உள்ளே போய் வந்தால் முதலில் கார்க் கதவின் உலோகத்தைத் தொட்டுவிட்டு முனைக்குப் போங்கள். பிளாஸ்டிக் கேனில் நிரப்புவதாக இருந்தால் கேனைத் தரையில் வைத்து நிரப்ப வேண்டும், மோட்டார் கூடையிலோ கார்ப் பூட்டிலோ வைத்தபடி அல்ல.

ஷாக் அடிக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்தினால் வேலை போய்விடுமே, அக்கா? நாங்கள் ஏழு பேர்தான், அதில் நால்வர் நேப்பாளத் தம்பிகள். யாரும் வாய் திறப்பதில்லை.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், புக்கிட் மின்யாக்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிப்பதும், எத்தனை பேர் இருந்தாலும் ஆபத்து மதிப்பீடு செய்வதும் முதலாளியின் கடமை. ஏழு பேர் என்றால் உங்கள் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

முதலில் எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்தத் தொட்டி, எந்தக் கரைப்பான், யாருக்கு அடித்தது, அப்போது மூடி திறந்திருந்ததா. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், பதிவு இருக்கும். பதில் வரவில்லை என்றால் பினாங்கு ஜேகேகேபி (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நேப்பாளத் தம்பிகளுக்காகக் கிளிப் மாட்டும் வரிசையைப் படமாக வரைந்து நிரப்பும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். முதலாளி செய்யாவிட்டால் உங்கள் முகவரியை ஆசிரியர் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். நானே வரைந்து அனுப்புகிறேன்.